தலைவர் மாறட்டும், பணி மாற வேண்டாம்

லயன்ஸ், ரோட்டரி போன்ற சேவைச் சங்கங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களைப் போன்ற ஒரு சங்கத்தோடு தன்னார்வலராகப் பல காலமாக வேலை செய்து வருகிறேன். உறுப்பினராகச் சேரவில்லை. முகாமுக்கு நாற்காலி போடுவது, பெயர் பதிவது, முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துப்போவது ஆகியவையே என் வேலை. இந்தப் பணி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஜூலையில் புதிய தலைவர் வருகிறார், புதிய திட்டத்தை அறிவிக்கிறார். முந்தைய தலைவரின் திட்டத்தை அன்றோடு கேட்பாரில்லை. அடுத்த ஜூன் முடிவதற்குள் தன் பெயர் சொல்ல ஏதாவது செய்துவிட வேண்டும் என்று அவரும் ஓடுகிறார். தனி மனிதர் யாரையும் நான் குறை சொல்லவில்லை. ஓராண்டுப் பதவி எவரையும் அப்படித்தான் ஓட வைக்கும். ஆனால் அந்த ஓட்டத்தில், உதவி பெற்றவர்கள் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள்.

கண்புரை முகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை நடக்கிறது, மருத்துவமனைக்கு வண்டி போகிறது, அறுவை சிகிச்சை முடிகிறது. கறுப்புக் கண்ணாடியோடு எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்து ஒரு படம். ஆண்டறிக்கையில் எண்ணிக்கை ஏறிவிடுகிறது. ஆனால் அதற்குப் பிறகுதான் சில வாரங்கள் சொட்டு மருந்து விட வேண்டும், மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். தனியாக வாழும் முதியவர் ஒருவர் அண்ணாந்து பார்த்தபடி, நடுங்கும் கையால் மருந்துக் குப்பியைப் பிழிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு சொட்டு இமைமேல் விழுந்தது. அடுத்தது கன்னத்தில் வழிந்தது. கண்ணுக்குள் ஏதாவது போனதா என்று அவருக்கே தெரியவில்லை. கீழிமையை மெல்ல இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விட இன்னொருவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த வேலைக்கு எங்களை யாரும் அனுப்புவதில்லை. பணிப் பட்டியலில் அப்படி ஒரு வேலையே கிடையாது.

ரத்ததானமும் இப்படித்தான் நடக்கிறது. சங்கம் தொடங்கிய நாள், தலைவரின் பிறந்தநாள் என்று ஒரு தேதியைக் குறித்து, முடிந்தவரை கூட்டம் சேர்க்கிறோம். தானமாகப் பெற்ற சிவப்பணுக்களை அதிகம் போனால் ஆறு வாரம் வரை வைத்திருக்கலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் பொதுவாக ஐந்து நாள்தான் தாங்கும். ஒரே நாளில் வந்து குவிவது, இரண்டு மாதம் கழித்து விபத்தில் அடிபட்டு வருகிறவருக்கு உதவாது. அதே கொடையாளர்களின் ரத்த வகையையும் கடைசியாகக் கொடுத்த தேதியையும் ஓர் ஏட்டில் எழுதிவைத்து, ரத்த வங்கி கேட்கிறபோது சிலர் சிலராக அனுப்பினால் ஆண்டு முழுவதும் உயிர்கள் பிழைக்கும். அதற்கு மேடை தேவையில்லை. பொறுமையாகத் தொலைபேசியில் பேசத் தெரிந்த இருவர் இருந்தால் போதும். அப்படிப்பட்டவர்கள் எங்களிடையே நிறைய இருக்கிறார்கள்.

நீண்டகாலப் பணி உங்களுக்குப் புதிதல்ல. பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர் 1925-இல் லயன்ஸ் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டார். கண் நலத்தை அந்தச் சங்கங்கள் இன்றுவரை கைவிடவில்லை. ரோட்டரி 1985-இல் போலியோ ஒழிப்புத் திட்டத்தை அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றோடு சேர்ந்து 1988-இல் உலகளாவிய முயற்சி தொடங்கியபோது, ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேரை அந்த நோய் தாக்கிக்கொண்டிருந்தது. பிறகு அந்த எண்ணிக்கை 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் நேர்ந்த கடைசி பாதிப்பு 2011 ஜனவரியில். இத்தனை ஆண்டுகளில் எத்தனை தலைவர்கள் மாறியிருப்பார்கள்! இது போன தலைவரின் திட்டம், நமக்கு எதற்கு என்று அவர்களில் ஒருவர் ஒதுக்கியிருந்தால் எத்தனை குழந்தைகளின் கால்கள் சூம்பிப் போயிருக்கும்? ஆண்டுதோறும் பதவி மாறுகிற அதே அமைப்புதான் இதைச் சாதித்தது. அதனால்தான் உங்களால் முடியும் என்று நம்புகிறேன்.

புகைப்படம் பற்றியும் ஒரு வார்த்தை. உதவிப் பொருள் அடங்கிய ஒரே பையை ஒரு பக்கம் ஒரு பெண்மணியும் மறுபக்கம் நிர்வாகிகள் ஐந்தாறு பேரும் பிடித்து நிற்க, படம் சரியாக வரவில்லை என்று பையைத் திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார்கள். அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. வாங்குகிறவரின் முகம் இல்லாமலேயே அறிக்கை எழுத முடியும். தயவுசெய்து அப்படி எழுதுங்கள்.

இந்த ஜூலையில் பொறுப்பேற்பவர்களிடம் கேட்கிறேன். புதிய திட்டத்தை அறிவிப்பதற்கு முன்னால், விடைபெறும் செயலாளரோடு ஒரு மாலை உட்காருங்கள். சென்ற ஆண்டு சிகிச்சை பெற்றவர்களின் பட்டியலையும், கொடுத்த சக்கர நாற்காலிகள், தையல் இயந்திரங்களின் கணக்கையும் வாங்கிக்கொள்ளுங்கள். யார் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், எது பழுதாகிக் கிடக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலையை எங்களிடம் கொடுங்கள். உங்கள் பதவிக்காலம் முடிந்தாலும் நாங்கள் இங்கேயேதான் இருப்போம். முதல் வாரத்திலேயே கூப்பிடுங்கள், வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர்