புரூஸ் ஏம்ஸ் கட்சி மாறவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

வேதிப்பொருள்களும் புற்றுநோயும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் புரூஸ் ஏம்ஸை, ‘முதலில் மக்கள் பக்கம் நின்றார், பிறகு கம்பெனிகள் பக்கம் போய்விட்டார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். 2024 அக்டோபரில் 95 வயதில் மறைந்த அந்த விஞ்ஞானிக்கு இது அநியாயம்.

ஒரு பொருள் புற்றுநோய் உண்டாக்குமா என்று அறிய, எலிகளுக்குக் கொடுத்து இரண்டு மூன்று வருடம் காத்திருந்த காலம் அது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த ஏம்ஸ், சால்மோனெல்லா பாக்டீரியாவைக் கையில் எடுத்தார். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாதபடி மரபணு பழுதான வகை அது. ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் பெரும்பாலும் வளராது. சோதிக்கும் பொருளைச் சேர்த்ததும் புள்ளி புள்ளியாக ஏராளமாக முளைத்தால், அந்தப் பொருள் டிஎன்ஏவை மாற்றியிருக்கிறது என்று அர்த்தம். அப்படி மாற்றும் பொருள் புற்றுநோயும் உண்டாக்கக்கூடும். பல பொருள்கள் கல்லீரலில் உருமாறிய பிறகுதான் ஆபத்தாகின்றன. அதனால் எலிக் கல்லீரலின் சாற்றையும் சேர்த்துச் சோதித்தார். இந்தச் சோதனையில் நான் வியக்கும் இடம் இதுதான். இரண்டே நாளில் விடை! அதற்குக் காப்புரிமையும் வாங்கவில்லை. கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் அந்தப் பாக்டீரியாவை அனுப்பிவைத்தார்.

1975இல் 169 தலைச்சாயங்களைச் சோதித்ததில் 150 சாயங்கள் மரபணுவை மாற்றின. 1977இல் அவரும் வேதியியலாளர் ஆர்லீன் புளூமும், குழந்தைகளின் இரவு உடையில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த ‘டிரிஸ்’ ரசாயனத்தைப் பற்றி எச்சரித்தார்கள். அதே ஆண்டு அமெரிக்க அரசு அதைக் குழந்தைகள் உடையில் தடை செய்தது.

அப்புறம்தான் சர்ச்சை. பூச்சியிடமிருந்து தப்பச் செடிகள் தாமே நஞ்சு தயாரிக்கின்றன. அமெரிக்கர்கள் சாப்பிடும் பூச்சிக்கொல்லிகளில் எடைக்கணக்கில் 99.99 சதவீதம் இப்படிப்பட்டவைதான் என்று 1990இல் ஏம்ஸும் அவருடன் ஆய்வு செய்த லாயிஸ் கோல்டும் எழுதினார்கள். அவற்றில் எலிகளிடம் அதுவரை சோதித்த 52இல் 27 புற்றுநோய் உண்டாக்கின. அதற்காகக் காய்கறியை ஒதுக்கச் சொன்னாரா? இல்லை, நிறையச் சாப்பிடத்தான் சொன்னார். எலி தாங்கக்கூடிய உச்ச அளவைக் கொடுத்தால் செல்கள் தொடர்ந்து சிதைந்து, ஈடுகட்ட வேகமாகப் பெருகும். அந்தப் பெருக்கமே புற்றுநோய்க்கு வழி செய்யும், அதைச் சிறு அளவுக்கு அப்படியே பொருத்தக்கூடாது என்பது அவர் வாதம். அதனால் உணவில் மிஞ்சும் செயற்கைப் பூச்சிமருந்தின் சிறு அளவு பெரிய ஆபத்தல்ல என்றார். அவர் கம்பெனிகள் பக்கம் போனார் என்பது இதை வைத்துத்தான். முதலில் டிரிஸைச் சோதித்தவரும் பிறகு ‘எவ்வளவு அளவு?’ என்று கேட்டவரும் ஒரே ஆள்தான். முன்பு தான் சொன்னதையே மறுபடி கேள்விக்கு உட்படுத்த எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. பல விஞ்ஞானிகளும் அவரைக் கடுமையாக மறுத்தார்கள். சாப்பாட்டுத் தட்டில் இருக்கும் பூச்சிமருந்தின் மிச்சம் வேறு, வயலில் மருந்தடிப்பவர் மூச்சில் இழுப்பது வேறு. முன்னதைப் பற்றி அவர் தந்த ஆறுதலைப் பின்னதற்கு யாரும் கேடயமாகப் பிடிக்கக்கூடாது. ஆனால் ‘இயற்கை என்றால் பாதுகாப்பு’ என்ற நம்பிக்கையை அவர் உடைத்தது சரி. எங்கள் பக்கம் விளையும் கடலையையே எடுத்துக்கொள்ளுங்கள். சரியாகக் காயாமல் பூஞ்சை பிடித்தால் அதில் அஃப்லடாக்சின் உண்டாகும். எந்தக் கம்பெனியும் சேர்க்காத நஞ்சு அது. கல்லீரல் புற்றுநோய் வரவைக்கும் என்று உறுதியானது.

‘புற்றுநோய் அபாயம்’ என்று தலைப்புப் போடும்போது, அது பாக்டீரியாவில் தெரிந்ததா, எலியிலா, மனிதரிடமா, எவ்வளவு உட்கொண்டால் என்பதையும் தயவுசெய்து சேர்த்துப் போடுங்கள்.

- ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை, விழுப்புரம்