நீலத் திருகு

மண்டபம்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் “மின்விசிறியை நிறுத்தி, வெள்ளைத் துணி விரித்துப் பிரிக்கவும்” என்று சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் பார்த்து நீ சிரித்திருப்பாய். சிரித்துக்கொண்டே வழக்கம்போல் ஓரத்தைக் கிழித்திருந்தால், உள்ளே இருக்கும் அட்டையைத் தொடாமல் மேசையில் வைத்துவிட்டு, முதலில் இந்தக் கடிதத்தைப் படித்து முடி. அட்டையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை இரவு நீ தொலைபேசியில் பேசியபோது, ஐயாவின் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரத்தைத் துடைத்து எண்ணெய் இடுவதற்காகப் பிரித்ததையும், கிளிக் ஸ்பிரிங் என்னும் சின்னக் கம்பி சாமணத்திலிருந்து துள்ளிக் காணாமல் போனதையும், இரவு இரண்டு மணி வரை தரையில் தவழ்ந்து தேடியதையும், துக்கச் செய்தி சொல்பவளைப் போலச் சொன்னாய். ஐயா அத்தனை காலம் கையில் கட்டியிருந்த பொருளைக் கெடுத்துவிட்டேனே என்று உன் குரல் கம்மியது. அதற்கு நடுவில் ஒரு கேள்வியும் கேட்டாய்: “எல்லாத் திருகும் வெள்ளையா இருக்குப்பா, ஒண்ணு மட்டும் நீலமா, தலை கொஞ்சம் பெருசா இருக்கே, அது ஏன்?” நான் அதற்குப் பதில் சொல்லாமல், நகரை மீன் விலை ஏறிவிட்டதைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் நீ இன்னும் வீட்டைப் பெருக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னதால், தேடுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

பொருள் துள்ளியவுடன் நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாய் அல்லவா, அதுதான் முதல் தவறு. துள்ளிய பொருள் முதலில் விழும் இடம் பெரும்பாலும் நம் மேல்தான். மடி, சட்டையின் கைமடிப்பு, தலைமுடி, உள்ளங்காலின் அடி என்று இருந்த இடத்தில் இருந்தபடியே தடவிப் பார்த்த பிறகுதான் எழ வேண்டும். அன்று உடுத்தியிருந்த உடையைத் துவைக்காமல் இருந்தால், அதை ஒரு வெள்ளை வேட்டியின் மேல் பிடித்து மெல்ல உதறிப் பார். அடுத்ததாகக் கடிகாரத்துக்குள்ளேயே பார். நாலாபக்கமும் தேடி ஓய்ந்த பிறகு, பல்சக்கரங்களுக்கு நடுவில் அது சாதுவாகப் படுத்திருப்பதைக் கண்டவர்கள் உண்டு. கண்ணில் மாட்டும் லென்ஸோடு, கடிகாரத்தை எல்லாப் பக்கமும் சாய்த்து, பல்சக்கரங்களை மேலிருந்து பிடித்திருக்கும் தகடுகளான பாலங்களின் அடியிலெல்லாம் வெளிச்சம் விழும்படி பார்க்காமல், ஆர்வத்தில் சாவியைத் திருகிப் பார்த்துவிடாதே. மெல்லிய கம்பி ஒன்று பல்லிடுக்கில் சிக்கினால் பல் உடையும், அப்புறம் தேட வேண்டிய பொருள் ஒன்றுக்கு இரண்டாகிவிடும்.

உன் வீட்டுத் தரை டைல்ஸ் என்பதையும் நினைவில் வை. நம் வீட்டு முற்றத்து மணல், விழுந்ததை விழுங்கிவிடும்; ஆனால் விழுந்த இடத்திலேயே வைத்திருக்கும். டைல்ஸ் அப்படியல்ல, உதைத்து அனுப்பிவிடும். எனவே நீ உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி நூறு முறை பார்ப்பதைவிட, அறையின் எதிர்மூலையிலும், அலமாரியின் அடியிலும், பால்கனிக் கதவு ஓடும் பள்ளத்திலும் ஒரு முறை பார்ப்பது நல்லது. இரவில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து ஒளியை விடு. மேலிருந்து பார்த்தால் தெரியாத துரும்புகூட அப்போது தன்னைவிடப் பத்து மடங்கு நீளமான நிழலைக் காட்டும். நாம் தேட வேண்டியது நிழலைத்தான்.

காந்தம் உதவும், ஏனென்றால் அந்த ஸ்பிரிங் எஃகு. பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத் தரையில் இழுத்துக்கொண்டே போனால், ஒட்டியதெல்லாம் பையின் வெளிப்புறத்தில் ஒட்டும். பிறகு காந்தத்தை மட்டும் உருவி எடுத்தால், ஒட்டியவை காகிதத்தில் உதிரும். ஆனால் அந்த வேலையைச் செய்யும்போது கடிகாரம் அடுத்த அறையில் இருக்கட்டும். கடிகாரத்தின் வேகத்தை அளந்து விடும் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிவிட்டால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் தலைகால் தெரியாமல் முன்னால் ஓடும். பித்தளைச் சக்கரமோ, கல்லோ தொலைந்திருந்தால் காந்தத்தால் பயனில்லை. ஜனதாவின் 17 கற்களும் செயற்கை மாணிக்கம். அவற்றில் ஒன்று விழுந்திருந்தால் உன் கண்தான் கதி. அந்த வகையில் நீ தொலைத்தது தொலைக்கத் தக்க பொருள் என்றே சொல்வேன்.

அது ஏன் துள்ளியது என்று கேட்டாய். கையில் பலம் போதாததால் என்று நீ நினைக்கிறாய்; பலம் கூடியதால்தான் துள்ளியது. சாமணத்தை இறுக்க இறுக்க அதன் இரு முனைகளும் நேருக்கு நேர் நிற்காமல் ஒன்றையொன்று தாண்டும், அப்போது நடுவில் இருப்பது கவணிலிருந்து போகும் கல்லைப் போலப் போய்விடும். ஸ்பிரிங்குக்குத் தானாகவும் ஒரு விசை இருக்கிறது, எனவே அதை எடுக்கும்போது மற்றொரு கையில் முனை சீவிய பல்குச்சி ஒன்றை வைத்து அதன் முதுகை அழுத்திக்கொள்ள வேண்டும். அதைவிட எளிய வழி, கடிகாரத்தையும் இரண்டு கைகளையும் ஒரு பெரிய கண்ணாடிப் பைக்குள் விட்டுக்கொண்டு கழற்றுவது. பார்க்கப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும்; ஆனால் துள்ளினாலும் பைக்குள்தானே துள்ளும்.

இன்னொன்று. மெயின் ஸ்பிரிங்கின் முறுக்கை இறக்கிவிட்டுத்தான் பிரித்தாயா என்று அன்று கேட்க மறந்துவிட்டேன். சாவியை விரல்களுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு, கிளிக் என்னும் அந்தச் சிறு கொக்கியைக் குச்சியால் விலக்கி, சாவி விரலுக்குள் வழுக்கியபடி மெல்லப் பின்னோக்கிச் சுழல விட வேண்டும். முறுக்கு முழுவதும் இருக்கும்போது கிளிக்கைக் கழற்றினால் அடங்கியிருந்த விசையெல்லாம் ஒரே நொடியில் வெளியேறும். அப்படி ஏதும் நடந்து, கிர்ரென்று ஓர் ஒலி கேட்டிருந்தால் மறைக்காமல் எழுது. சக்கரங்களின் பற்களையும் பார்க்க வேண்டியிருக்கும்.

இனி நீலத் திருகுக்கு வருகிறேன்.

1989 ஆடி மாதம். ஐயாவுக்கு அப்போது மண்டபம் ரயில் நிலையத்தில் வேலை. காலையில் நிலையக் கடிகாரத்தோடு ஜனதாவை ஒப்பிட்டுப் பார்த்துச் சாவி கொடுப்பது, அவர் திருநீறு பூசுவதைப் போன்ற ஒரு கடமை. பாம்பன் ரயில் பாலத்தில் கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் ஷெர்சர் தூக்கை அப்போதெல்லாம் ஆட்கள் கையால் சுழற்றித் திறப்பார்கள். கப்பல் கடக்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஐயா ஜனதாவில் பார்த்து வந்து, கேட்காதவர்களுக்கும் சொல்வார். அந்தக் கடிகாரம் ஒரு நாள் நின்றுபோயிற்று. கண்ணாடிக்கு உள்ளே பனி படர்ந்ததைப் போல ஈரம். நம் கரையின் உப்புக் காற்றுக்கு எந்தப் பின்மூடியும் பெரிதல்ல. திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிய ஐயா, அதைக் கழற்றி மாடத்தில் வைத்து, “வந்து ராமநாதபுரத்துல குடுக்கணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அப்போது கையில் புதிதாக ஒரு டிப்ளமோ இருந்தது. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தையல் ஊசி ஒன்றின் முனையைச் சாணைக்கல்லில் தேய்த்துத் திருப்புளி செய்துகொண்டேன். கழற்றிய திருகுகளை வைக்கக் கடற்கரையில் பொறுக்கிய பெரிய சிப்பி ஒன்றை எடுத்துக்கொண்டேன். வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று திண்ணையில் உட்கார்ந்தேன். சிப்பி நல்ல யோசனை, இன்றும் சொல்வேன். குழிந்த பாத்திரத்திலிருந்து திருகு உருண்டு வெளியே போகாது. ஆனால் ஆடியில், கச்சான் காற்று மணலை வாரி இறைக்கும் நேரத்தில், திண்ணையில் உட்கார்ந்து கடிகாரம் பிரித்தவன் மண்டபத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஓரமாகத் துருவேறியிருந்த ஒரு பாலத் திருகை நெம்பியபோது ஊசி வழுக்கியது. டிக் என்று ஒரு சிறு ஒலி. திருகு முற்றத்து மணலுக்குள் போய்விட்டது. கம்பு மணியில் பாதிகூட இருக்காது அது.

மூன்று நாள் தேடினேன். அப்பத்தா முதலில் திட்டினாள். பிறகு மாவுச் சல்லடையைக் கொண்டுவந்து என்னோடு உட்கார்ந்தாள். முற்றத்தைக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்தின் மணலையும் நான் அள்ளிப் போட, அவள் சலித்தாள். சோழியின் உடைசல், மீன்முள், ஒரு பழைய காலணா, வண்டிமாட்டு லாடத்தின் ஆணி எல்லாம் கிடைத்தன. மூன்றாம் நாள் மாலை அப்பத்தா சல்லடையை ஆட்டுவதைச் சட்டென்று நிறுத்தினாள். திருகுதான் என்று நான் பாய்ந்தேன். அவள் விரலில் இருந்தது மூக்குத்தியின் திருகாணி. என் தங்கை பிறந்த வருடம் கிணற்றடியில் தொலைத்தது அது. அதன் பிறகு அவள் தண்டில் நூல் சுற்றித்தான் மூக்குத்தியைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைத் தண்ணீரில் அலசி, அங்கேயே நின்று, கண்ணாடிகூடப் பார்க்காமல் மூக்கில் திருகிக்கொண்டாள். அந்த நிமிடத்திலிருந்து அவள் என் கட்சி.

மறுநாள் காலை அவள் கொடுத்த பணத்தோடு ராமநாதபுரத்துக்குப் பேருந்து ஏறினேன். அங்கே பெட்டிக்கடை அளவே இருந்த ஒரு கடையில் வாட்ச் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர், நான் சிப்பியோடு கொண்டுபோனதைப் பார்த்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு தகர டப்பாவைக் கொட்டி, அதிலிருந்த திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அழுத்தாமல் இரண்டு விரலால் மட்டும் திருகிப் பார்த்தார். மரை மாறிய திருகை வலிந்து ஏற்றினால் பித்தளைத் தகட்டின் மரை அறுந்துபோகும் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். பொருந்தியது ஒன்றே ஒன்று. வேறு ஏதோ கடிகாரத்திலிருந்து வந்தது. தலை சற்றுப் பெரிது, நிறம் நீலம். அந்த நீலம் சாயமல்ல. எஃகை ஏறக்குறைய 300 பாகை வரை சீராகச் சூடேற்றினால் அதன் மேல் படியும் மெல்லிய படலத்தின் நிறம் அது, துருவையும் கொஞ்சம் தள்ளிப்போடும். மற்ற திருகுகளில் இப்போது புள்ளி விழுந்திருக்கும், நீலத்தில் இருக்காது. லென்ஸ் வைத்துப் பார்.

கூலியை வாங்குவதற்கு முன் அவர் என்னைத் தன் இருக்கையில் உட்காரச் சொன்னார். மேசை விளிம்பில் ஆணியடித்திருந்த ஒரு வெள்ளைத் துணியின் மறுமுனையை என் இடுப்பில் கட்டி, பத்துத் திருகுகளைச் சாமணத்தால் ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றச் சொன்னார். மூன்று துள்ளின, மூன்றும் துணியில் கிடந்தன. “எனக்கும்தாந் தம்பி துள்ளுது” என்றார்.

ஐயா ஊரிலிருந்து வந்தபோது கடிகாரம் மாடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கடையில் கொடுத்து வாங்கியதாக அப்பத்தா சொன்னாள், பாதி உண்மை. அவர் அதை எடுத்துக் காதில் வைத்தார். நொடிக்கு ஐந்து முறை அடிக்கும் அந்த ஒலியை வெகுநேரம் கேட்டார். பிறகு அப்பத்தாவின் முகத்தைப் பார்த்து, “மூக்குத்திக்குத் திருகாணி வந்துருச்சு போல” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கால் கழுவப் போனார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கடைசி வரை கேட்கவில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை.

ஆகவே நீ கெடுத்துவிட்டதாக அழுத கடிகாரம், உனக்கு முன்பே என் கையில் பட்டதுதான். அந்த நீலத் திருகை மாற்ற வேண்டாம். அதற்குப் பொருத்தமான வெள்ளைத் திருகு கிடைத்தாலும் வேண்டாம்.

இப்போது அட்டை. நீ குடியிருக்கும் பெங்களூரில்தான், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு 1961-இல் தொடங்கிய தொழிற்சாலையில், எச்.எம்.டி. கடிகாரங்கள் பிறந்தன, அந்தக் கடிகார நிறுவனத்தை மூடும் முடிவும் 2016-இல் வந்துவிட்டது. எனவே ஓடாத பழைய கடிகாரங்களிலிருந்துதான் பெரும்பாலும் உறுப்பு எடுக்க வேண்டியிருக்கிறது. பெரியவரின் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். ஆனால் அடுத்த தெருவில் ஒருவரிடம் ஓடாத ஜனதாக்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன. வியாழக்கிழமை போய், அவர் கழற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, கிளிக் ஸ்பிரிங்கை வாங்கி வந்தேன். காலியான மாத்திரை அட்டையின் குழிக்குள் வைத்து, மேலே ஒட்டுநாடா ஒட்டி, தபாலில் நசுங்காமல் இருக்க இருபுறமும் தடித்த அட்டை வைத்திருக்கிறேன். நாடாவை வெடுக்கென்று பிய்க்காதே. ஸ்பிரிங் அதில் ஒட்டிக்கொண்டு வரும், அல்லது வராது.

குழிகள் இரண்டில் இருக்கும். ஒன்று பொருத்துவதற்கு, இன்னொன்று தொலைப்பதற்கு.

உன் அம்மா கருவாடு அனுப்பலாமா என்று கேட்கிறாள். இந்த உறையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அது தனியாக வரும்.

அன்புடன்,
அப்பா