பாண் ஓட்டோவும் என் பியானோவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு உங்கள் கடிதப் பக்கத்தில் ஒரு வாசகர், சரியாகப் பழகாமல் பாடுவதையும் வாசிப்பதையும் போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்புகிறவர்கள் இசையை அவமதிக்கிறார்கள் என்று காரசாரமாக எழுதியிருந்தார். அந்தக் குற்றவாளிகளில் நானும் ஒருத்தி, அதனால் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நான் செய்தது இதுதான். ஒரு சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பியானோவைத் திறந்து, போனைப் பூச்சாடியில் சாய்த்து வைத்துவிட்டு, ஷோப்பான் என்ற இசையமைப்பாளர் பியானோவுக்கு எழுதிய சின்ன உருப்படி ஒன்றை, இ மைனர் பிரெலூட்டை, ஒரே தடவை வாசித்தேன். 15 வயதில் பழகியது. இப்போது எனக்கு 61. அன்றைக்கு அதற்கு முன்னால் ஒரு கட்டையைக்கூடத் தொடவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது வெறும் 25 பார் (தாளக் கட்டம்), இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட வரும். இடது கை மூன்று மூன்று கட்டைகளாகச் சேர்த்து அழுத்திக்கொண்டே அரைச் சுரம் அரைச் சுரமாகக் கீழே இறங்கும், மேலே வலது கை பெருமூச்சு விடுகிற மாதிரி ஒன்றிரண்டு சுரங்களில் நின்று நின்று போகும், நடுவில் ஒரு இடத்தில் மட்டும் திடீரென்று உரத்து எழுந்து பிறகு அப்படியே அடங்கிவிடும். 1849இல் பாரிஸ் மதலேன் தேவாலயத்தில் ஷோப்பானின் இறுதிச் சடங்கில் இதை ஓர்கனில் வாசித்தார்கள். தாளைப் பார்த்தால் சுலபம் போலத்தான் இருக்கும். ஆனால் பிழை விட்டால் ஒளிக்க இடமில்லை, வேகமான உருப்படி என்றால் ஓடித் தப்பலாம்.

நான் தப்பவில்லை. அந்த உரத்த இடத்தில் இடது கை தாவவேண்டிய கட்டைக்குப் பக்கத்துக் கட்டையில் போய் விழுந்தது. அதற்கு முன்னால், ஈரக்காற்றில் ஒட்டிக்கொள்ளும் ஒரு கட்டை அழுத்தினது அழுத்தினபடியே கிடந்தது. (கடலிலிருந்து இவ்வளவு கிட்டத்தில் பியானோ வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. கம்பி துருப்பிடிக்கும், மரம் ஊதும், டியூன் பண்ணுகிறவர் வந்து போன அடுத்த மாதமே குரல் மாறும்.) எப்படியோ முடிவுக்கு வந்துவிட்டேன். அங்கே கடைசி மூன்று அழுத்தங்களுக்கு முன்னால் ஷோப்பான் ஒரு மௌனத்தை எழுதி, அதை நீட்டச் சொல்லி மேலே அடையாளமும் போட்டிருக்கிறார். நானும் கையை எடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ, அதுதான் பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாண் விற்கிற ஓட்டோ, வந்தது!

சூன் பாண்காரர், அதாவது அந்தப் பாண் ஓட்டோக்காரர், போடுவது எந்தப் பாட்டு என்று கொழும்பில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. பெத்தோவனின் ஃபியூர் எலிஸ். ஷோப்பானின் மௌனத்துக்குள் பெத்தோவன் புகுந்து, மாலு பணிஸும் (மீன் வைத்தது) கிம்புலா பணிஸும் (முதலை வடிவில் சீனி தூவியது) விற்றுக்கொண்டு போனார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு மிச்ச மூன்றையும் வாசித்து முடித்தேன்.

மகள் சொன்னாள், "அம்மா, இதை அழிச்சுப்போட்டு இன்னொருக்கா எடுங்கோ." நான் அழிக்கவில்லை. "ஒத்திகை இல்லை, ஒரே தடவை வாசித்தது, பிழை இருக்கு" என்று ஒரு வரி போட்டுக் குடும்ப வாட்ஸ்அப்பில் விட்டேன். 2022இல் மெல்பேர்னுக்குப் போன அக்காவின் மகன் பியானோவைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை, பாண் ஓட்டோ வருகிற அந்தச் சில செக்கன்களை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டானாம். 1983இல் ரொறன்ரோ போய்ச் சேர்ந்த சின்னம்மாவுக்கு இந்த ஓட்டோக் கதையெல்லாம் தெரியாது. "பக்கத்து வீட்டில யாரோ ஃபியூர் எலிஸ் வாசிக்கினம், அவையின்ட தாளம் உன்னைவிடச் சரி பிள்ளை" என்று எழுதினா. இதைவிட நேர்மையான விமர்சனம் எனக்குக் கிடைத்ததில்லை.

இனி உங்கள் வாசகருக்கு. மேடைக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது ஐயா. காசு வாங்கிக்கொண்டு பழகாமல் வந்து உட்கார்ந்தால் அது ஏமாற்று, அதில் நான் உங்கள் பக்கம். பிழையை மறைத்து, பழகி எடுத்தது போலப் பீற்றிக்கொண்டாலும் அப்படித்தான். நான் முதலே சொல்லிவிட்டுத்தானே அனுப்பினேன்? கர்நாடகக் கச்சேரியில் பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் ஒத்திகையே இல்லாமல் நேரே மேடையில் சேர்வது சாதாரணம் என்று நீங்கள் அறிவீர்கள். அவர்களுடைய சாதகம் எங்கே, நான் எங்கே, அந்த ஒப்பீட்டுக்கு நான் வரவில்லை. ஆனால் ஒத்திகை இல்லாததே அவமதிப்பு என்றால் கச்சேரி சபாக்களை என்ன செய்வது?

பிள்ளைகளை நாங்கள் அனுப்புகிற லண்டன் ரோயல் ஸ்கூல்ஸ் பியானோப் பரீட்சையையே எடுங்கள். முன்பின் பார்க்காத ஒரு தாளை நீட்டி, அரை நிமிடம் பார்க்க விட்டு, வாசி என்பார்கள். 150 புள்ளியில் 21 அதற்கு. பழகாமல் வாசிப்பதற்கும் லண்டன்காரன் புள்ளி வைத்திருக்கிறான், நாங்கள்தான் வெட்கப்படுகிறோம். எனக்குத் தெரிந்த மூன்று வீடுகளில் பிள்ளை கடைசிப் படியான எட்டாம் கிரேட் பாஸ் பண்ணிய கையோடு பியானோ மூடப்பட்டது. மேலே லேஸ் துணி, துணிக்கு மேலே பட்டமளிப்புப் படம். பரீட்சைக்கு வருடம் மூன்று உருப்படி அரைத்த பிள்ளைக்கு, யாரும் புள்ளி போடாத இடத்தில் வாசிக்கக் கை வரவில்லை. பிழை வந்துவிடுமாம்.

என் கதையும் அதுதான், எங்கள் பியானோவும் முப்பது வருடம் மூடித்தான் கிடந்தது. எழுபதுகளில் அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு பறங்கியர் குடும்பத்திடம் என் மாமனார் வாங்கியது அது. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் போன நாட்களில், ரி.வி. இல்லை, ஃபேன் இல்லை, வீட்டில் கரண்ட் இல்லாமல் வேலை செய்யக்கூடிய பெரிய சாமான் இது ஒன்றுதான் என்று மெழுகுதிரி வெளிச்சத்தில் மூடியைத் திறந்தேன். அன்றைக்கு வாசித்தது இதைவிடப் படுமோசம், நல்லவேளை போனில் சார்ஜ் இல்லை.

இன்னொன்று. அந்த ஃபியூர் எலிஸை பெத்தோவன் 1810இல் எழுதி, அச்சுக்குக் கொடுக்காமலே வைத்திருந்தார். அவர் 1827இல் போய்விட்டார், அது வெளிவந்தது 1867இல். தானாக வெளியில் விடாத ஒரு தாள் இன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் பாண் விற்கிறது.

உங்கள் வாசகர் விரும்பினால் எங்கள் வீட்டுக்கு வந்து நேரிலேயே கேட்டுவிட்டுத் திட்டலாம். நான்கு மணிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். நாலேகாலுக்கு ஓட்டோ வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.