எமது பயணிகள் சங்கத்தின் செயலாளர் அறிக்கை, 2024/2025

தலைவர் அவர்களே, போசகர் ஐயா அவர்களே, செயற்குழு நண்பர்களே, இந்த வெயிலிலும் வவுனியாவுக்கு வந்து சேர்ந்திருக்கிற அங்கத்தவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான அறிக்கை இது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அவர் வாசிக்கிறபோது ஒரு இடத்தில் நீங்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பீர்கள். அது எந்த இடம் என்று நானே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன்: மினிபஸ் செலவு. அதைப் பற்றி ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

மாதக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒழுங்காக நடந்தன. மாரி மழையில் இரண்டு கூட்டம் போய்விட்டது. காலமான அங்கத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்திவிட்டோம். நூலகத்தில் இரவலாக எடுத்த கதிரைகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

சரி, விசயத்துக்கு வருகிறேன். போன பொதுக்கூட்டத்தில் நாங்கள் கைதட்டி நிறைவேற்றிய தீர்மானம், "வன்னிக்கு ஒரு பயணிகள் விமான நிலையம் வேண்டும்" என்பது. இரணைமடுவில் ஓடுபாதை இருக்கிறது, வவுனியாவில் விமானப்படைத் தளம் இருக்கிறது, ஒன்றைத் திறந்துவிட்டால் என்ன என்று கேட்டோம். பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணத்தாருக்கு, எங்களுக்கு என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டபோது தட்டிய கைகளில் என்னுடையதும் ஒன்று. தீர்மானத்தை மூன்று தடவை ஒரு அலுவலகத்துக்கு அனுப்பினேன். மூன்றாவது தடவைதான் பதில் வந்தது. உரிய பிரிவுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அந்த உரிய பிரிவு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

இதற்கிடையில் ஒரு விமானக் கம்பனியின் முகவரோடு கதைக்க வாய்ப்புக் கிடைத்தது. மரியாதையான மனிதர். ஓடுபாதை எவ்வளவு நீளம் என்று அவர் கேட்கவே இல்லை. "உங்கள் பக்கத்திலிருந்து கிழமைக்கு எத்தனை பேர் பறக்கிறார்கள்? எங்கே போகிறார்கள்? இப்போது எந்த வழியால் போகிறார்கள்?" என்று மூன்று கேள்வி கேட்டார். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. திரும்பி வரும் வழியில் எங்கள் செயற்குழுவில் இருக்கிற மினிபஸ் அண்ணையிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி, நெடுங்கேணிப் பக்கம் நான் ஓடின பின்னேர ஓட்டத்தை நிப்பாட்டினபோது ஊரே என்னை ஏசினது. ஏசின ஆக்களில் ஒருத்தரும் பஸ்ஸில் ஏறின ஆக்கள் இல்லை" என்றார். விமானம் பறக்கிற பஸ்தான் என்பதை அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை.

அதன் பிறகு செயற்குழு கொஞ்சம் படித்தது. படித்ததை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் தீர்மானத்தை நாங்கள் மாற்றியதற்குக் காரணம் அதுதான்.

தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கம் கட்டிய மத்தள விமான நிலையம் எல்லாருக்கும் தெரியும். 2013 மார்ச் 18ஆம் திகதி திறந்தார்கள். ஏறக்குறைய 209 மில்லியன் டொலர், பெரும்பகுதி சீனக் கடன். ஓடுபாதை 3,500 மீற்றர், எந்தப் பெரிய விமானமும் இறங்கலாம். ஆண்டுக்கு 10 லட்சம் பயணிகள் வருவார்கள் என்று கட்டினார்கள். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் சிறிலங்கன் விமானங்கள் நின்றன. 2018இல் ஃபிளைதுபாயும் போய்விட்டது. ஒரு கட்டத்தில் அங்கே நெல் மூட்டை அடுக்கினார்கள். 2016இல் ஓடுபாதைப் பக்கத்தில் நின்ற யானையையும் மானையும் விரட்டப் படையினரும் பொலிசாருமாக நூற்றுக்கணக்கானோர் சீனவெடியோடு இறங்கினார்கள். எங்களுக்கு நெல் களஞ்சியம் போதாதுதான். யானைக்கும் மானுக்கும் இங்கே குறைவில்லை. அதற்காக ஒரு விமான நிலையம் கட்ட வேண்டுமா என்று பொருளாளர் கேட்ட கேள்விக்குக் கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை.

வெளியிலும் இதே கதைதான். ஸ்பெயினில் சியுதாத் ரியால் என்ற ஊரில் 2008இல் திறந்த விமான நிலையத்துக்கு 100 கோடி யூரோ அளவில் போனது. 2012இல் மூடிவிட்டார்கள். 2015இல் ஏலத்தில் அதற்கு ஒரு கம்பனி கேட்ட விலை 10,000 யூரோ! இங்கே ஒரு பழைய உழவு இயந்திரத்தை அதற்குக் கிட்டிய விலைக்கு விற்கலாம்.

இந்தியா வேறு வழியைப் பிடித்தது. 2016இல் உடான் திட்டத்தை அறிவித்து, 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி விமானத்தோடு தொடங்கினார்கள். சிறு ஊருக்குப் பறக்கிற கம்பனிக்கு நட்டத்தின் ஒரு பங்கை மூன்று வருடத்துக்கு அரசு கொடுக்கும், ஒரு பகுதி இருக்கையைக் கட்டுப்பாட்டு விலைக்கு விற்க வேண்டும். எங்கள் இ.போ.ச. அரச பஸ் ஆளில்லாத காட்டு வீதியில் ஓடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 2023இல் இந்தியக் கணக்காய்வு அறிக்கை என்ன சொன்னது? கொடுத்த 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை. தொடங்கிய 371இல் மூன்று வருடத்தையும் முடித்தவை 112. அதன் பிறகும் தாங்கி நின்றவை 54. சேலத்தைப் பாருங்கள், அவ்வளவு பெரிய ஊர். 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் வந்தது, 2021இல் நின்றது, 2023 ஒக்டோபரில்தான் திரும்ப வந்தது. சேலத்துக்கே அந்த நிலை என்றால் புளியங்குளத்துக்கு எப்படி என்று யோசியுங்கள்.

பலாலிக்கும் லேசான கதை இல்லை. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (அதாவது பலாலி) வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. அப்படிப்பட்ட இடம், 2019 ஒக்டோபர் 17இல் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னை சேவை தொடங்கி, நாலு மாதத்தில் கொரோனாவோடு நின்றது. 2022 டிசம்பர் 12 வரை ஒன்றும் இல்லை. எங்கள் அறிக்கை ஆண்டில்தான் நல்ல செய்தி வந்தது: 2024 செப்ரெம்பர் 1 முதல் இண்டிகோ சென்னையிலிருந்து தினமும், 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும். விமானம் ஏ.டி.ஆர். 72 என்ற சின்ன ரகம், 78 இருக்கை. சென்னை விமானத்துக்கு மட்டும் போக வர ஒரு நாளைக்கு 156 இருக்கை, வருடத்துக்கு ஏறக்குறைய 57 ஆயிரம். இதில் பாதி வெறுமையாகப் பறந்தால் எந்தக் கம்பனியும் பாசத்துக்காக வந்துகொண்டிருக்காது. அதே விமானத்தைத் திருப்பி வேறு ஊருக்கு ஓட்ட அவர்களுக்கு ஒரு கிழமை போதும்.

பலாலி ஓடுபாதையை நீட்டினால் பெரிய விமானம் வரும் என்று ஒரு வரி எங்கள் மனுவின் முதல் வரைபில் இருந்தது. அந்த வரியை நான்தான் வெட்டினேன். பலாலியைச் சுற்றியிருக்கிற வலிகாமம் வடக்கில் படையினர் எடுத்த காணி திரும்பக் கிடைக்காமல் இன்னும் உறவினர் வீட்டில் இருக்கிற சனம் எத்தனை? ஓடுபாதை நீளுகிற ஒவ்வொரு மீற்றரும் யாரோ ஒருவருடைய செம்மண் தோட்டம். வன்னியில் இருந்துகொண்டு அடுத்தவன் காணிக்கு நாங்கள் தீர்மானம் போட முடியாது. இதில் சிலருக்கு என்னோடு கோபம், தெரியும்.

ஆகவே செயற்குழு எடுத்த முடிவு: எங்களுக்கென்று விமான நிலையம் கேட்பதை ஒத்திவைப்பது, பலாலியில் நிற்கிற விமானத்தில் வன்னி ஆட்களை ஏற்றுவது, அதற்கு முதலில் எங்கள் ஆட்கள் எந்த வழியால் பறக்கிறார்கள் என்று எண்ணுவது. இரண்டு பேர் எதிர்த்தார்கள், அது கூட்டறிக்கையில் இருக்கிறது.

எண்ணுவதற்கு ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினோம். பழைய பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற கொமினிகேசன் கடையில் நூலில் கட்டிய பேனையோடு வைத்தோம். ஊர், போன இடம், ஏறிய விமான நிலையம், காரணம் என்று நாலு நிரல். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூன்றாவது நிரலைப் பார்த்தால் கொழும்புப் பக்கத்து விமான நிலையம்தான்: கட்டுநாயக்கா, கட்டுநாயக்கா, கட்டுநாயக்கா. சிலர் எழுதப் பஞ்சிப்பட்டு மேலே போட்டதற்குக் கீழே இரண்டு கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். காரண நிரல்தான் எனக்குப் பிடித்தது. "வான்காரர் அங்கைதான் போறவர்." "சாமான் கூட." "கனடாவிலை இருந்து மகன் அங்கைதான் இறங்கினவன்." ஒரு முல்லைத்தீவு அம்மா எழுதியிருந்தார்: "பலாலியிலை பிளேன் ஏறலாமெண்டு தெரியாது." சென்னைக்குப் போகிற மனிதர் இரவு முழுக்கத் தெற்கே வான் வண்டியில் ஆறு மணித்தியாலம் இருந்து, பிறகு விமானத்தில் ஏறி வந்த பக்கமே வடக்கே பறக்கிறார். எங்கள் வீட்டுக்கு மேலாலேயே போவார் போல.

இனி மினிபஸ். வவுனியாவிலிருந்து பலாலிக்கு நேரே ஒரு பஸ்ஸும் இல்லை. யாழ்ப்பாணத்தில் இறங்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொன்று பிடிக்க வேண்டும். ஆகவே மினிபஸ் அண்ணையோடு ஒரு ஒப்பந்தம் போட்டோம். கிழமைக்கு இரண்டு நாள் வவுனியா, கிளிநொச்சி, பலாலி என்று விமான நேரத்துக்கு ஓடுவார். பத்து ஆளுக்குக் குறைந்தால் குறைகிற இருக்கைக் காசைச் சங்கம் கொடுக்கும். சிறு விமான நிலையங்கள் விமானக் கம்பனிக்குக் கொடுக்கிற வருமான உத்தரவாதம் என்பதும் இதேதான், அளவுதான் பெரிது. முதல் ஓட்டத்துக்கு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் நான். இரண்டாவது கிழமை ஐந்து. மூன்றாவது கிழமை ஒருவருமில்லை, அண்ணை கிளிநொச்சி வரை போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினார். ஏழாவது கிழமை பொருளாளர் கணக்குக் கொப்பியை மூடினார். சந்தாக் காசில் நல்ல பங்கு அதில் போய்விட்டது.

பிழை எங்கே என்று கேட்டால், முதற் பிழை என்னுடையது. தை மாதம் தொடங்கினேன். காலபோக அறுவடை நேரத்தில் வன்னியில் யார் விமானம் ஏறுகிறார்கள்? சனம் போவது அறுவடைக் காசு கைக்கு வந்த பிறகு, இல்லையென்றால் யூலை, ஓகஸ்டில் வெளிநாட்டு உறவுகள் வந்து மடு, நல்லூர் என்று திரிகிற காலத்தில். இரண்டாவது, அறிவித்தல் ஒட்டியது பஸ் நிலையத்தில். ரிக்கெற் போடுகிறவர்கள் போவது ஏஜென்சிக்கு. மூன்றாவது, சங்கத்தில் கை தூக்கிய அங்கத்தவர்களில் சிலரே அந்த ஏழு கிழமைக்குள் கட்டுநாயக்காவால் சென்னை போய் வந்திருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. கொப்பியில் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

அறிக்கை ஆண்டுக்கு வெளியே போனாலும் ஒன்றைச் சேர்க்க அனுமதி கேட்கிறேன். ஏப்ரலில் எங்கள் அங்கத்தவர் ஒரு அம்மா திருச்சிக்குப் போனார். அவருடைய தங்கை 1990இல் பேசாலையிலிருந்து படகேறிப் போனவர், இன்றைக்கும் கொட்டப்பட்டு முகாமில் இருக்கிறார். அந்த முகாம் திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கம். முந்தி ஒரு தடவை அம்மா கட்டுநாயக்காவால் போய் வந்து, இனி இந்த அலைச்சல் வேண்டாம் என்று இருந்தவர். சின்ன விமானத்தில் பொதி நிறை பார்ப்பார்கள் என்று தலைவரின் நெல் ஆலைத் தராசில் பெட்டியை வைத்தோம். ஒடியல் மா, புழுக்கொடியல், பாரைக் கருவாடு, வறுத்த மிளகாய்த்தூள். தராசு முள்ளு ஓடிப் போய் நின்ற இடத்தைப் பார்த்துக் கருவாட்டை வெளியே எடுத்தோம். அம்மா அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுத் தன்னுடைய இரண்டு சேலையை வெளியே எடுத்தார். அன்றைக்குப் பின்னேரமே முகாமிலிருந்து தொலைபேசி எடுத்தார். ஏறின களைப்புத் தெரியமுதல் இறக்கிவிட்டார்களாம்.

கப்பல் விசயமும் ஒரு வரி. நாகபட்டினம்–காங்கேசன்துறைச் சேவை 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாளில் நின்று, 2024 ஓகஸ்டில் திரும்ப வந்து, மாரியில் நின்று, 2025 பெப்ரவரியில் மறுபடி ஓடத் தொடங்கியது. மன்னார் அங்கத்தவர்கள் தலைமன்னார்–இராமேஸ்வரத்தைக் கேட்கிறார்கள். அது அடுத்த குழுவுக்கு விட்ட வேலை.

இன்றைக்கு நீங்கள் தீர்மானிக்க வேண்டியது இரண்டு. மினிபஸ் அண்ணை யூலை, ஓகஸ்டில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னொரு தடவை ஓடிப் பார்க்கத் தயார். இந்தத் தடவை உத்தரவாதம் பத்து இருக்கைக்கு இல்லை, நாலு இருக்கைக்குப் போதும் என்கிறார். பொருளாளர் சம்மதிக்கவில்லை, நான் சம்மதிக்கிறேன். மற்றது, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏஜென்சிகளில் ஒவ்வொரு கொப்பி வைக்க ஆள் வேண்டும். முகவர் கேட்ட மூன்று கேள்விக்குப் பதில் இல்லாமல் அவரிடம் திரும்பப் போக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கொப்பி வாசல் மேசையில் இருக்கிறது. போன வருடம் விமானம் ஏறியவர்கள் தேத்தண்ணிக்கு முதல் எழுதிவிட்டு வாருங்கள். கட்டுநாயக்காவால் போயிருந்தாலும் எழுதுங்கள்.

செயலாளர்,
வவுனியா.