வியாழக்கிழமை ஆட்டத்துக்கு முன்

கேரி, வட கரோலினா
3 மார்ச் 2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. குறுஞ்செய்தியில் எதைக் கேட்டாலும் "சரிப்பா" என்ற ஒற்றைச் சொல்லோடு நீ முடித்துவிடுவதால், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நீ கற்ற தமிழை நம்பி இதைத் தாளில் எழுதுகிறேன்.

புதன்கிழமை கிரீன்ஸ்பரோவில், பெரிய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான (கான்ஃபரன்ஸ்) ஏசிசியின் பெண்கள் கூடைப்பந்துத் தொடர் தொடங்குகிறது. இந்த முறை நாங்கள் போகவில்லை. வியாழக்கிழமை உன் ஆட்டம் இருக்கும்போது அங்கே எங்களுக்கு என்ன வேலை? ஆனாலும் மார்ச் பிறந்தால் எனக்கு 2020தான் நினைவுக்கு வருகிறது. என்சி ஸ்டேட் பல்கலைக்கழகப் பெண்கள் ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தை 71-66 என்று வென்று, 1991-க்குப் பிறகு முதன்முறையாக அந்தக் கோப்பையைத் தூக்கியபோது, நீ தொண்டை கட்டும்வரை கத்தினாய். நான்கே நாளில் கொரோனாவால், கான்ஃபரன்ஸ் கோப்பை வென்றவர்கள் போகும் தேசியத் தொடரே ரத்தானது என்ற செய்தி வந்ததும், ஜெயித்தும் அவர்களால் போக முடியவில்லையே என்று அழுதாய். ஒரு தொடர் ஒரு விளையாட்டுக்காரிக்கு எவ்வளவு பெரிது என்பதை அன்று உன்னிடமிருந்துதான் கற்றேன். ஆகையால் இனி நான் எழுதுவதை, அருமை தெரியாதவன் பேச்சென்று ஒதுக்கிவிடாதே.

உங்கள் கான்ஃபரன்ஸ் தொடரில் உங்கள் அணி ஏழாம் இடத்தில் நுழைகிறது. பெரிய கான்ஃபரன்ஸ்களில் தோற்ற அணிகளையும் தேசியத் தொடருக்குத் தேர்வுக்குழு அழைத்துக்கொள்ளும். உங்களுடையதைப் போன்ற சிறிய கான்ஃபரன்ஸில் நான்கு நாளில் நான்கு ஆட்டமும் வென்றால்தான் அதில் ஆடும் 68 அணிகளுள் ஒன்றாக முடியும். போதாக்குறைக்கு, தேசியத் தொடரில் ஆடும் ஆண்கள் அணிகளின் கான்ஃபரன்ஸ்களுக்கு 1991 முதல் கிடைத்துவரும் பங்குத்தொகை, பெண்கள் பக்கம் இந்த ஆண்டுதான் வந்து சேர்கிறது. இத்தனை காலம் கழித்தாவது வந்ததே என்று மகிழ்ந்தேன். அதன் பாரமும் உங்கள் தோளில்தான் ஏறும் என்பது பிறகுதான் உறைத்தது. மூத்த பெண்கள் நால்வருக்கும் இது கடைசித் தொடர். அவர்களுக்காக நீ எதையும் தாங்கிக்கொள்வாய் என்பதும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை ஆட்டத்தை நேரலையில் பார்த்தேன். முதல் பாதியில் நீ கொடுத்த பாஸ்களைப் பார்த்து, வீட்டில் யாரும் இல்லாதபோதும் எழுந்து நின்று கைதட்டினேன். மூன்றாம் கால்பகுதியில் யாரும் தடுக்காமல் எறிய உனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. வழக்கம்போல் பந்தை மூன்று முறை தட்டினாய். ஆனால் முழங்காலை மடக்காமல், நின்றபடியே எறிந்தாய். இரண்டும் வளையத்தின் முன்விளிம்பில் பட்டு விழுந்தன. பந்து எட்டாமல் விழுந்தால் குறை கையில் இல்லை, காலில்தான் என்று நம் வாசல் வளையத்தின் கீழே உனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்! பிறகு பெஞ்சின் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்து, இடது காலை இரண்டு கைகளாலும் பிடித்து நீட்டி, அதன்மேல் துண்டைப் போட்டு மூடினாய். அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அம்மாவிடம் காட்டவில்லை.

காயங்களைக் கவனிக்கும் அத்லெடிக் டிரெய்னரிடம் சொல், பாப்பா. நீ களமிறங்கலாமா கூடாதா என்ற முடிவு அவருக்கும் மருத்துவருக்கும் உரியது, பயிற்சியாளர்கூட அதை மாற்ற முடியாது என்பது கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏவின் விதி. நீயாக வாய் திறக்காவிட்டால் அந்த விதியால் உனக்கு என்ன பயன்? கல்லூரிக் கூடைப்பந்து நட்சத்திரம் பெயிஜ் பெக்கர்ஸ் முழங்கால் தசைநார் கிழிந்து 2022-23 முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு, மறு ஆண்டு திரும்பி வந்தாள். உனக்கும் இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறது. டிரெய்னரிடம் சொல். இவ்வளவு படித்த பெண்ணுக்கு இதையும் நான் சொல்ல வேண்டுமா?

சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் மறைக்கக் கற்றுக்கொடுத்தவன் நான். 2021 ஜூலையில், பதினைந்து மாதக் கொரோனாத் தடைக்குப் பிறகு கல்லூரிப் பயிற்சியாளர்கள் தங்கள் அணிக்கு ஆள் தேடி ஆட்டம் பார்க்க வந்த அந்த முதல் கோடையில், "அப்பா, கால் வலிக்குது" என்று நீ சொன்னாய். இந்த ஜூலையை விட்டால் உன்னை யார் பார்ப்பார்கள் என்ற பயம் என் கண்ணை மறைத்தது. கார் நிறுத்துமிடத்தில், டிக்கியின் விளிம்பில் உன்னை உட்காரவைத்து, என் கையாலேயே கிரேப் பேண்டேஜைச் சுற்றி, "யாரிடமும் சொல்லாதே, இன்னும் இரண்டே ஆட்டம்தான்" என்றேன். இரண்டு வாரம் கழித்து, வலி எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டபோது, நீ என் முகத்தைப் பார்த்துவிட்டு "நேற்று" என்றாய். நான் பேசாமல் இருந்தேன். பதினேழு வயதுப் பெண் எனக்காகப் பொய் சொன்னாள். நான் அதை ஏற்றுக்கொண்டேன். அறுவை சிகிச்சை முடிந்து நீ கண் விழித்தபோதும் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

இன்று இரவு அம்மாவிடம் இதைச் சொல்லப் போகிறேன். அவள் உன்னை அழைத்தால் எனக்காக எதையும் மறைக்க வேண்டாம். புதன்கிழமை மாலையே ஊர் வந்துவிடுவோம். நீ சீருடையில் இருந்தாலும், ஊன்றுகோலோடு பெஞ்சில் இருந்தாலும், நாங்கள் உட்காரப்போவது உன் பெஞ்சுக்கு நேர் பின்னால்தான்.

அன்புடன்,
அப்பா