குழாய்க்குள் போகாத வைரஸை எந்தச் சோதனையும் பிடிக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒரே வெப்பநிலையில் வைத்தே வைரஸின் மரபணுவைப் பல மடங்கு நகலெடுத்துக் கண்டுபிடிக்கும் சோதனைகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் ‘பிசிஆருக்கு இணையான நுண்ணுணர்வு’ என்று, அதாவது சூட்டை ஏற்றி இறக்கி நகலெடுக்கும் வழக்கமான பிசிஆர் சோதனை அளவுக்கே மிகக் குறைந்த வைரஸையும் பிடிக்கும் என்று, ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அதுதான் உறுத்துகிறது. எதை வைத்து இணை? ஆய்வகத்தில் சுத்தமாகப் பிரித்தெடுத்த ஆர்என்ஏவை, அதாவது வைரஸின் மரபணுப் பொருளை வைத்தா, நோயாளி துப்பிக் கொடுத்த எச்சிலை அப்படியே வைத்தா?

2000-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட லாம்ப் என்ற இந்த வகைச் சோதனைக்குச் சுமார் 65 டிகிரி சூடு போதும், பிசிஆர் போல ஏற்றி இறக்க வேண்டாம், அரை மணியில் விடை தெரிந்துவிடும். சரி. நுண்ணுணர்வு போதவில்லை என்றதும் பெரும்பாலும் நகலெடுக்கும் நொதியிலும், தேடும் மரபணுவில் ஒட்டி நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரிலும்தான் கை வைக்கிறார்கள். பலன் இல்லாமல் இல்லை. கொரோனா காலத்தில் கலவையில் கொஞ்சம் குவானிடின் ஹைட்ரோகுளோரைடு என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, வைரஸின் இரண்டு மரபணுக்களை ஒரே குழாயில் தேடியபோது குறைவாக இருந்த வைரஸும் அகப்பட்டது. ஆனால் பெரிய இழப்பு அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மில்லிலிட்டர் மாதிரியில் வைரஸ் ஆர்என்ஏ 100 பிரதிகள் இருக்கின்றன, அதில் 5 மைக்ரோலிட்டர்தான் குழாய்க்குள் போகிறது என்றால் சராசரியாக அரைப் பிரதி, அதாவது பத்துக்கு ஆறு முறை குழாயில் தேடுவதற்கே ஒன்றும் இருக்காது. எவ்வளவு உயர்ந்த நொதி போட்டு என்ன பயன்? அதற்காக எச்சிலை அதிகமாக ஊற்றவும் முடியாது, அதிலுள்ள சளியும் மற்றப் பொருள்களும் வினையைத் தடுக்கும், அமிலத்தன்மையைப் பார்த்து நிறம் மாறும் வகை என்றால் நிறமும் ஏமாற்றிவிடும். ஆர்என்ஏ ஒட்டிக்கொள்ளும் நுண்ணிய காந்த மணிகளால் அந்த ஒரு மில்லியிலிருக்கும் ஆர்என்ஏவை இழுத்து 50 மைக்ரோலிட்டரில் சேர்த்தால், சேதாரம் இல்லாத பட்சத்தில், அதே 5 மைக்ரோலிட்டரில் 10 பிரதிகள் வந்துவிடும். மணிகளை அப்படியே வினைக் குழாயில் போட்டும் பார்த்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த வழி அதுதான், ஏனென்றால் பிரித்தெடுத்ததில் ஒரு பகுதியை வீணாக்க வேண்டியதில்லை.

அப்புறம், சோதனையை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் நுண்ணுணர்வு கூடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். லாம்பில் நான்கிலிருந்து ஆறு பிரைமர்கள் இருக்கின்றன, நேரம் நீள நீள அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வைரஸ் இல்லாத குழாயிலும் பெருக்கம் தொடங்கிவிடும். நோயே இல்லாதவருக்கு நோய் என்று எழுதிக் கொடுப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

அதனால் இனி இப்படிச் செய்தி போடும்போது தயவுசெய்து எந்த மாதிரி, ஒரு மில்லியில் எத்தனை பிரதிகள் வரை பிடித்தது, குழாய்க்குள் எவ்வளவு போனது, வைரஸ் இல்லாத மாதிரிகளில் எத்தனை தவறாக ‘உண்டு’ என்று காட்டின என்பதையும் கேட்டு எழுதுங்கள். ஆய்வாளர்களிடம் இந்த எண்கள் இருக்கும், கேட்டால் தருவார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்