மீனை எந்தப் பக்கம் எழுதுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாணவர் பக்கத்தில் வந்த புவியியல் வினா-விடைத் தொகுப்பைப் படித்தேன். தேர்வுக்கு முன்னால் ஒருமுறை புரட்டிப் பார்க்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் வளங்களைப் பற்றிய அந்த அட்டவணைதான் உறுத்துகிறது. ஒரு பக்கம் புதுப்பிக்கத்தக்கவை: சூரிய ஒளி, காற்று, நீர், காடு, மீன். மறுபக்கம் புதுப்பிக்க இயலாதவை: நிலக்கரி, பெட்ரோலியம், இரும்புத்தாது. நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான். இதைப் படிக்கும் பிள்ளை, மீன் என்பது எவ்வளவு பிடித்தாலும் தீராத பொருள் என்று நினைத்துக்கொண்டால் அது பிள்ளையின் தவறில்லை.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்பகுதியில் காட் மீனை நூற்றாண்டுக் கணக்கில் பிடித்து வந்தார்கள், அது குறைந்ததாக யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1950களுக்குப் பிறகு, பிடித்த மீனைக் கப்பலிலேயே வெட்டி உறைய வைக்கும் பெரிய இழுவைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்தன, 1968-ல் மட்டும் அங்கே பிடிபட்டது சுமார் 8 லட்சம் டன். அப்புறம் சரிவுதான். 1992 ஜூலையில் கனடா அரசு காட் மீன்பிடிப்பையே நிறுத்தியது. இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் என்றுதான் அறிவித்தார்கள், தடை முழுமையாக நீங்கியது 2024-ல், அதுவும் பழைய அளவோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய ஒதுக்கீட்டோடு. உங்கள் அட்டவணைப்படி இது 'புதுப்பிக்கத்தக்க' வளம்!

அதே பக்கத்தின் கீழே முதல்நிலை, இரண்டாம் நிலை, மூன்றாம் நிலைத் தொழில்கள் என்று தனியாக ஒரு பெட்டி இருக்கிறது, அதற்கும் மேலே உள்ள அட்டவணைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாத மாதிரி. நியூஃபவுண்ட்லாந்தில் நடந்ததைப் பாருங்கள். மீன்பிடிப்பு முதல்நிலைத் தொழில், அது நின்றதும் மீனைப் பதப்படுத்தும் ஆலைகள் மூடப்பட்டன, அது இரண்டாம் நிலை, கடலோர ஊர்களின் கடை கண்ணியும் போக்குவரத்தும் படுத்தன, அது மூன்றாம் நிலை. சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. மூன்று வரையறைகளையும் தனித்தனியாக மனப்பாடம் செய்வதற்குப் பதில் இந்த ஒரு கதையைச் சொன்னால் போதாதா?

தண்ணீரும் அப்படித்தான். ஆற்று நீரை மழை ஆண்டுதோறும் நிரப்பும், சரி. சகாராவுக்கு அடியில் இருக்கும் நிலத்தடி நீர், அந்தப் பகுதி ஈரமாக இருந்த காலத்தில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இறங்கியது. லிபியா அதைப் பெரிய குழாய்களில் நகரங்களுக்குக் கொண்டுபோகிறது, எடுக்கும் வேகத்தில் அங்கே மழை அதை நிரப்பப் போவதில்லை. அதனால் அது நிலக்கரியைத் தோண்டி எடுப்பதற்குச் சமம்தான். மறுபக்கத்தில் இருக்கும் இரும்போ, தாது தீர்ந்தாலும் பழைய இரும்பை உருக்கி மறுபடியும் எஃகாக்கலாம், எரித்த நிலக்கரியை அப்படிச் செய்ய முடியாது. இரண்டையும் ஒரே பட்டியலில் அடைத்துவிட்டீர்கள்.

இன்னொன்று, வளம் தீராமலேயே மதிப்பிழக்கலாம். தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனத்தில் கிடைத்த நைட்ரேட் என்ற கனிம உப்பு, உரத்துக்கும் வெடிமருந்துக்கும் உலகம் முழுக்கத் தேவைப்பட்டது, அதை முன்னிட்டு சிலி ஒரு பக்கமும் பெருவும் பொலிவியாவும் மறுபக்கமுமாக 1879-ல் போரே மூண்டது. 1913-ல் ஜெர்மனியில் காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா தயாரிக்கும் ஆலை ஓடத் தொடங்கியது, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சிலியின் நைட்ரேட் வியாபாரம் நொடித்துப்போனது. தாது அங்கேயேதான் கிடந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை.

இரண்டு மதிப்பெண் கேள்விக்கு இவ்வளவு எதற்கு என்று யாராவது கேட்கலாம். விடைத்தாளில் எழுத இரண்டு வரி போதும்தான், ஆனால் அந்த இரண்டு வரியில் 'எடுக்கும் வேகம்', 'திரும்ப உருவாகும் வேகம்' என்ற சொற்கள் இருந்தே ஆகவேண்டும், அவை இல்லாத வரையறை அரைகுறைதான். சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் இந்தச் சிக்கல் இல்லை, இன்று எவ்வளவு பயன்படுத்தினாலும் நாளைக்கு வருவது குறையாது. காட்டுக்கும் மீனுக்கும் அப்படி இல்லை. இந்த இரு வகையையும் ஒரே பட்டியலில் போட்டதுதான் கோளாறு.

அட்டவணையை எடுத்துவிடச் சொல்லவில்லை. அடுத்த முறை வெளியிடும்போது 'திரும்ப உருவாக ஆகும் காலம்' என்று அட்டவணையில் இன்னொரு நெடுவரிசையைச் சேருங்கள், சிலவற்றை மாணவர்களே நிரப்பும்படி காலியாகவும் விடுங்கள். முக்கியமாக மண்ணைச் சேருங்கள், அது உங்கள் அட்டவணையில் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகலாம், சரிவான நிலத்தில் அது ஒரே பெருமழையில் அடித்துக்கொண்டும் போய்விடலாம். அதை எந்தப் பக்கம் எழுதுவது என்று வகுப்பில் பிள்ளைகள் சண்டை போடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்